வால் பக்கம் நான்கு பெட்டி

விங் கமாண்டர் க்ளைவ் ட்ரெகென்சா எங்கள் குண்டுவீச்சுப் படைப்பிரிவுக்குத் தளபதியாக வந்த அன்றே எழுநூறு பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். வந்த மனிதர் குளித்தாரா, சாப்பிட்டாரா? இல்லை. ஓடுதளத்தில் நின்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வாலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது கையில் ஒரு பீர் பாட்டில் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் டார்வினுக்குத் தெற்கே, வார்கில் ஓடைக்குப் பக்கத்துக் காட்டில் இருந்தது எங்கள் தளம். அங்கே குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வரும். ஆளுக்கு வாரம் இரண்டு பாட்டில் பீர் கொடுப்பார்கள், ஐஸ் மட்டும் கொடுக்க மாட்டார்கள். சூடான பீரைக் குடிப்பதும் மாட்டு மூத்திரத்தைக் குடிப்பதும் ஒன்றுதான். ஆனால் ஜாவா பக்கம் குண்டு போடப் போகிற விமானம் கை விறைக்கிற உயரத்தில் மணிக்கணக்காகப் பறக்கும். அதன் வாலுக்குள் ஒரு பெட்டி பீரைக் கட்டிவிட்டால் போதும். ஜப்பான்காரனுக்குக் குண்டு, நமக்கு ஜில்லென்று பீர். இதை யார் கண்டுபிடித்தானோ, அவனுக்குச் சிலை வைக்கலாம் என்று நானே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

என் பெயர் பெர்ட் கார்மடி. போருக்கு முன்பு எங்கள் ஊர் ரோமாவின் சந்தையில் மாடு ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். பறக்கிற வயதைத் தாண்டியவன் என்பதால் தளபதியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளப் போட்டிருந்தார்கள். எனக்குத் தளத்தில் பெயர் 'ஏலக்காரர்'. ட்ரெகென்சா ஒல்லி. உதடு மெல்லிசு. சிரிப்பதற்குக் கூலி கேட்பார் போன்ற முகம். இது முட்டவும் முட்டாது, வண்டியும் இழுக்காது என்று பார்த்த மாத்திரத்தில் மனதுக்குள் விலை போட்டேன்.

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் அவருடைய ஆணை ஏறியது. விமானத்தில் பீர் ஏற்றக் கூடாது, ஏற்றுபவர் பறக்கக் கூடாது. அவ்வளவுதான் வாசகம்.

ரெக்ஸ் ஹாலம் என்ற விமானி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, தளபதி காதில் விழும்படியே கேட்டான். "ஏன் சார், எங்கம்மா அனுப்புன கேக்கையாவது ஏத்தலாமா?"

"உங்கம்மா கேக்கு கல்லு மாதிரி இருக்குமா, பஞ்சு மாதிரி இருக்குமா?" என்றார் ட்ரெகென்சா.

"கல்லு மாதிரிதான் சார்."

"அப்ப வேண்டாம்."

ஒருவனும் சிரிக்கவில்லை. பழைய தளபதி இதே பதிலைச் சொல்லியிருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பார்கள்.

அலுவலகத்துக்குள் வந்ததும் நான் வாயை அடக்கவில்லை. "பசங்க வயசு இருவது சார். நாளைக்கு இருப்பானான்னு தெரியாது. ரெண்டு பாட்டில் பீரைப் போய்ப் பிடுங்கணுமா?"

"பெர்ட், இந்த விமானம் வால்ல கனம் ஏறுனா மூக்கைத் தூக்கிட்டுத் திணறும். அதுவும் நீங்க கிளப்பிவிடுற நேரத்துல."

"நேரம் நாங்க வச்சதில்ல சார். தலைமையகம் வச்சது."

எல்லாம் அந்த நேரத்தில்தான் இருந்தது. தலைமையகம் எங்களுக்கு வைத்திருந்த நேரம் பகல் ஒரு மணி. வெயிலில் காற்று இளகிப்போய் இறக்கைக்குப் பிடிமானமே கிடைக்காத நேரம். சூரியன் இறங்கியபின் கிளம்பினால் அதே விமானம் அதே சுமையோடு பாதி ஓடுதளத்திலேயே எழும்பிவிடும். ஆனால் அப்படிக் கிளம்பினால் திரும்பி வரக் காலை பத்தாகிவிடும். குண்டு எங்கே விழுந்தது என்ற செய்தி தலைமையகத்தின் காலைக் கூட்டத்துக்குப் போய்ச் சேராது. அமெரிக்கர்களின் படைப்பிரிவுகள் அந்தக் கூட்டத்துக்குச் செய்தி அனுப்பிவிடும், நாங்கள் மட்டும் ஒரு நாள் பிந்துவோம். எங்களுக்கு மேலே இருந்த ஏர் கமடோர் ஹாத்தர்லிக்கு அது பொறுக்காது. அவருடைய வரைபடத்தில் காலையிலேயே சிவப்புக் கொடி குத்தியாக வேண்டும். அதற்காக எங்கள் பையன்கள் பகல் ஒரு மணிக்குக் கிளம்பினார்கள்.

ட்ரெகென்சா வந்த மூன்றாம் நாள் முதல் விமானத்தைத் தானே ஓட்டிப் போனார். தளபதிகள் பறப்பதை மேலிடம் விரும்புவதில்லை, அவர் அனுமதி கேட்கவும் இல்லை. திரும்பி வந்து இறங்கியதும் நேராகச் சக்கரத்தடிக்குப் போய்க் குனிந்தார். சக்கரம் மடங்குகிற குழிக்குள் கையை விட்டு எதையோ பிடுங்கினார். தைலமரக் கிளை. முழங்கை நீளம், இலையோடு.

"பெர்ட், நான் கிளம்புனப்ப மரத்து உச்சியில உரசியிருக்கேன். எனக்கே தெரியல. மத்த விமானங்களையும் பாருங்க."

பார்த்தோம். ஆறில் நான்கில் இலை இருந்தது. பையன்களுக்கு அது முன்பே தெரியும். விமானத்துக்கு மாலை போட்டிருக்கு என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்களாம். சாவை இப்படித்தான் அவர்கள் செல்லம் கொஞ்சினார்கள்.

அந்தக் கிளையை எடுத்துக்கொண்டு ட்ரெகென்சா ஹாத்தர்லியைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். ஏர் கமடோர் நல்ல வளர்த்தி, பளபளவென்ற முகம், சந்தைக்கு எண்ணெய் தடவிக் கொண்டுவந்த பொலிகாளை. மேசைமேல் வைத்த கிளையைத் தொடாமல் பார்த்தார்.

"இது என்ன, பூங்கொத்தா?"

"விமானத்தோட சக்கரத்துல இருந்துச்சு சார். சூரியன் சாஞ்சப்புறம் கிளம்ப அனுமதி கொடுங்க. அடுத்த தடவை நான் உங்ககிட்ட கிளையைக் கொண்டுவர மாட்டேன், ஆளுங்க பெயரைத்தான் கொண்டுவருவேன்."

"மரம் இடிக்குதுன்னா மரத்தை வெட்டுங்க, ட்ரெகென்சா. இதுக்கா இவ்வளவு தூரம்?"

வெட்டினோம். ஒரு வாரம் எழுநூறு பேரும் கோடாரி பிடித்தோம். மரம் போனபிறகுதான் அதற்குப் பின்னால் இருந்த பாறை மேடு கண்ணில் பட்டது. ட்ரெகென்சா தொலைபேசியில் ஹாத்தர்லியிடம் அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தேன். "இல்ல சார், பாறை. வெட்ட முடியாது... ஆமா சார், வெடிவச்சுப் பாத்தாச்சு." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இவர் கருவியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு நாள் ஹாத்தர்லியே எங்கள் தளத்துக்கு வந்தார். வரும்போதே குழைந்துகொண்டு வந்தார். அமெரிக்க ஜெனரல் ஒருவர் அந்த வாரம் வரப்போகிறார், அவருக்கு இந்தத் தளத்திலேயே விருந்து கொடுக்க வேண்டும் என்றார். விமானங்கள் குண்டு போட்டுவிட்டு விடியற்காலையில் இறங்குகிற வரைக்கும் ராத்திரி விருந்தை நீட்டினால், விமானிகளின் வாயாலேயே ஜெனரல் செய்தியைக் கேட்கலாமாம். கையில் ஜில்லென்று ஒரு ஆஸ்திரேலிய பீரும் இருந்தால் எப்படி இருக்கும்!

"நாலு பெட்டி அனுப்பி வைக்கிறேன். உங்க விமானத்துல ஏத்திட்டுப் போய்ட்டு வாங்க. அதெல்லாம் உங்க பசங்களுக்குக் கைவந்த கலைன்னு கேள்விப்பட்டேன்."

"நான் தடை போட்டிருக்கேன் சார். பலகையில இருக்கு."

"உங்க தடைதானே? நீங்களே எடுத்துடுங்க, ஒரு நாளைக்கு."

நான் ட்ரெகென்சாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏலத்தில் கடைசி விலை கேட்பதற்கு முன்னால் சில பேர் இப்படித்தான் அசையாமல் நிற்பார்கள்.

"அப்படின்னா எனக்கு ஒண்ணு வேணும் சார். அடுத்த வாரத்துல இருந்து எங்க விமானம் எல்லாம் சூரியன் சாஞ்சப்புறம்தான் கிளம்பும்."

ஹாத்தர்லி வாய்விட்டுச் சிரித்தார். "விடமாட்டீங்க போல. சரி, போங்க. ஜெனரல் சந்தோஷமாப் போகட்டும். அடுத்த வாரத்துல இருந்து சாயங்காலம்."

கை கொடுத்தார்கள். என் கண்ணெதிரே நடந்தது இது. சந்தையில் கை கொடுத்துவிட்டுப் பின்வாங்குகிறவனை அடுத்த வாரம் வேலிக்குள்ளேயே விட மாட்டோம். விமானப்படையில் அப்படி ஒரு வேலி இல்லை.

அவர் போனதும் ட்ரெகென்சா சொன்னார். "நாலு பெட்டின்னா ரெண்டு ஆள் கனம், பெர்ட். என் விமானத்துலயே ஏத்திக்கறேன். ஆபத்து இருந்தா என்னோட போகட்டும்."

அதையும் அவர் கையில் விடவில்லை. விருந்து கொடுக்கிற தளபதி விருந்தில் இருக்க வேண்டாமா என்று அன்று காலை தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அவர் பறக்கக் கூடாது. பெட்டிகள் நெவில் க்வில்டியின் விமானத்துக்கு மாறின. க்வில்டி எங்கள் விமானிகளில் மூத்தவன். கிம்பி ஊர்க்காரன். ஊரில் மனைவியும், இன்னும் முகம் பார்க்காத ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். ட்ரெகென்சா அவனிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார், எதற்காக என்பதையும் சேர்த்து. இன்றைக்கு ஒரு நாள் பொறுத்தால் இனி ஒரு மணி வெயில் கிடையாது.

க்வில்டி விழுந்து விழுந்து சிரித்தான். "கடைசியில நீங்களும் கள்ளக் கடத்தல் தொழிலுக்கு வந்துட்டீங்களா சார்! ஜெனரல் குடிச்சது போக மிச்சம் எனக்குத்தான், சொல்லிட்டேன்."

"ஒரு பெட்டியையே எடுத்துக்கோ."

"ஏலக்காரரே, சாட்சி நீங்க" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஏறினான்.

பகல் ஒரு மணி. ஓடுதளத்துத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. க்வில்டியின் விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி முனையில் எழும்பியது. எழும்பிவிட்டான் என்று நான் மூச்சு விட்டேன். ட்ரெகென்சா விடவில்லை. விமானத்தின் மூக்கு மேலே போனது, வால் மட்டும் தொங்கிக்கொண்டே போனது. பாறை மேட்டுக்குமேல் ஒரு தென்னை உயரம் கிடைத்திருந்தால் போதும். கிடைக்கவில்லை. எங்கள் காலடியில் தரை அதிர்ந்தது. பதினொரு பேர்.

விருந்து நடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நடந்தது. இடத்தை மட்டும் தலைமையகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஜெனரல் சூடான பீரைக் குடித்துவிட்டுப் போனாராம்.

பாறை மேட்டில் எரிந்த தகரத்துக்கு நடுவே பாட்டில் சில்லு சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்த ஐந்தாறு பேர் வழியாகத் தளம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மறுநாளே ஹாத்தர்லி வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் உள்ளேயே நின்றேன், போகச் சொல்லவில்லை. என்னை மேசை நாற்காலியோடு சேர்த்துத்தான் அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"விசாரணைக் குழு வருது, ட்ரெகென்சா. நீங்க பயப்பட ஒண்ணுமில்ல. உங்க தடை பலகையில பச்சையா இருக்கு. அதை மீறிப் பசங்க திருட்டுத்தனமா ஏத்திட்டாங்க. விமானி கண்டுக்கல. முடிஞ்சுது."

"க்வில்டி திருட்டுத்தனமா ஏத்தல சார்."

"அவன் வந்து சொல்லப் போறானா?"

அந்த நிமிடம் எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ட்ரெகென்சா சத்தம் போடவில்லை. "அவன் பொண்ணு வளந்து கேட்கும் சார், எங்கப்பா எப்படிச் செத்தார்னு. குடிகாரன் திருட்டுத்தனம் பண்ணிப் பத்துப் பேரையும் சேத்துக் கொன்னான்னு சொல்லச் சொல்றீங்களா?"

"யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஹாத்தர்லி போய்விட்டார்.

அன்று முழுக்க நான் ட்ரெகென்சாவோடு மல்லுக்கட்டினேன். உண்மையைச் சொன்னால் பழி முழுக்க இவர் தலையில் விழும், ஹாத்தர்லி கையைக் கழுவிக்கொள்வார் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"விழட்டும். ஆனா நான் ஏன் ஏத்தச் சொன்னேன்னு கேட்பாங்கல்ல? அப்ப ஒரு மணி வெயில் பத்தி எழுதித்தானே ஆகணும்? எழுதிட்டா அப்புறம் யாரும் அந்த நேரத்தை வச்சுக்க முடியாது. க்வில்டி பேரும் நிக்கும், மிச்சப் பசங்களும் பிழைப்பாங்க." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த ரெண்டு ஆள் கனம் இல்லேன்னா அவன் ஏறியிருப்பானோ, பெர்ட்? ராத்திரி கண்ணை மூடுனா அதுதான் வருது. எனக்குத் தெரியல. இனி தெரியவும் போறதில்ல."

விசாரணைக் குழுவில் மூன்று அதிகாரிகள். டைப் அடிக்க ஒரு பெண் பணியாளர். ட்ரெகென்சா தடை போட்டதையும், தானே அதை எடுத்ததையும், க்வில்டிக்குத் தான் உத்தரவிட்டதையும் சொன்னார். டைப்ரைட்டர் மழை மாதிரிக் கொட்டியது. ஏன் உத்தரவிட்டேன் என்று ஆரம்பித்தார். தலைவர் கையை உயர்த்தினார். டைப்ரைட்டர் நின்றது.

"தாக்குதல் நேரம் எங்க விசாரணைக்குள்ள வராது, விங் கமாண்டர்."

"அதனாலதான் சார் விமானம் விழுந்துச்சு!"

"வால் பக்கம் அனுமதியில்லாத கனம் இருந்ததுன்னு நீங்களே இப்பச் சொன்னீங்க."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ஏர் கமடோர் கேட்டது, பேரம் பேசியது, கை கொடுத்தது, எல்லாவற்றையும் ஏலக் குரலிலேயே சொன்னேன், வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் பேசி முடிக்கிற வரை டைப்ரைட்டர் ஒரு தட்டும் தட்டவில்லை. தலைவர் தலையை ஆட்டினார். "உங்க தளபதி மேல உங்களுக்கு இருக்கிற விசுவாசம் பாராட்டத்தக்கது" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முடிவு வந்தது. விபத்துக்குக் காரணம், தளபதியின் உத்தரவின் பேரில் ஏற்றப்பட்ட பீர். தளபதி நீக்கம். இனி விமானத்தில் பீர் ஏற்றக் கூடாது. ட்ரெகென்சா முதல் நாள் ஒட்டிய தடையின்மேல் அதே தடையை ஹாத்தர்லியின் கையெழுத்தோடு ஒட்டிவிட்டுப் போனார்கள். கிளம்பும் நேரம் பகல் ஒரு மணி. அதில் மாற்றமில்லை.

பையன்கள் கொதித்தார்கள். "எங்களுக்குன்னா சட்டம், பெரிய மனுசனுக்குன்னா ஐஸ் பெட்டியா?" என்று சாப்பாட்டுக் கூடாரத்தில் ஹாலம் கத்தினான். க்வில்டி அவனுக்கு உயிர் நண்பன். நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன்.

"உக்காருங்க, ஏலக்காரரே. எந்த மாட்டைக் கொடுத்தாலும் நல்ல மாடுன்னுதானே கூவுவீங்க?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ட்ரெகென்சாவின் கூடாரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் போகிற அன்று ஜீப்பை நானே ஓட்டினேன். பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவனும் சல்யூட் அடிக்கவில்லை. எல்லார் கையிலும் அந்த வாரத்து பீர் இருந்தது. ஜீப் நெருங்க நெருங்க ஒவ்வொருவனாகப் பாட்டிலைக் கவிழ்த்தான். வாரம் முழுக்க அதற்காக ஏங்குகிறவர்கள் ஒரு சொட்டு விடாமல் செம்மண்ணில் ஊற்றினார்கள். நுரை பாதையில் ஓடி வந்தது. எனக்கு அவமானத்தில் கண் எரிந்தது. ட்ரெகென்சா நேராகப் பார்த்துக்கொண்டு, நெற்றியில் வைத்த கையை எடுக்காமலே வந்தார். கடைசி ஆளாக நின்ற ஹாலமையும் தாண்டியபிறகு கையை இறக்கினார்.

"விடுங்க, பெர்ட். எப்படியும் சூடாத்தானே இருக்கும்" என்றார்.

அவரைத் தெற்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்த தளபதி கலகலப்பானவர், எல்லார் பெயரையும் இரண்டு நாளில் பாடமாக்கிக்கொண்டார். பாறை மேட்டைப் பற்றி நான் சொன்னபோது, "மேல இருக்கறவங்களுக்குத் தெரியாததா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் போனது. பகல் ஒரு மணி. கிளம்புவதற்கு முன் ஹாலமின் விமானத்தை வால் முதல் மூக்கு வரை சோதனை போட்டார்கள், இப்போது அதுதான் விதி. பாட்டில் என்ன, ஒரு மூடிகூட இல்லை. அம்மா அனுப்பிய கேக்கும் இல்லை. விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கடைசி முனையில் எழும்பியது. பாறை மேட்டில் க்வில்டி விழுந்த கரிக்குமேலேயே விழுந்தது. மறுபடியும் பதினொரு பேர்.

மேட்டில் நெருப்பு தணிந்தபின், ஹாலமின் விமானத்தைப் பராமரித்த கென்னி என்ற மெக்கானிக் என் பக்கத்தில் வந்து நின்றான். பீரை ஊற்றியவர்களில் அவனும் ஒருவன். முகமெல்லாம் கரி.

"அப்ப அன்னிக்கும் பீர் காரணமில்லையா, ஏலக்காரரே?"

"இல்லடா."

"அவரு பாவம்... அவருக்கு யாராச்சும் சொல்லணுமே."

சொல்லலாம்தான். உங்கள் ராத்திரிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது சார், இன்னும் பதினொரு பேர் செத்துக் கிடைத்தது என்று எந்த வாயால் சொல்வது? அலுவலகத்துக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஹாத்தர்லி.

"கார்மடி, பாட்டில் ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல சார். கிளம்பறதுக்கு முன்னாடியே சோதனை போட்டாச்சு."

"சிதறல்ல நல்லாத் தேடினீங்களா?"

"நல்லாத் தேடினோம் சார். ஒண்ணும் இல்ல."

அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இன்னொரு தடவை தேடுங்க."

"கிடைக்கிற வரைக்குமா சார்?" என்று கேட்டேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.